இரைச்சல் கருவியிலிருந்தா, அறையிலிருந்தா? வீட்டில் ஒலிப்பதிவு செய்வோருக்கு முழுமையான வழிகாட்டி

பதிவைப் போட்டுக் கேட்டால் குரலுக்குப் பின்னால் ஏதோ இரைகிறது. உடனே சிலர் புது மைக் வாங்குகிறார்கள், சிலர் சுவரெல்லாம் ஃபோம் ஒட்டுகிறார்கள். மீதிப் பேர் நாய்ஸ் ரிடக்‌ஷனைப் போட்டுக் குரலைத் தண்ணீர்க் குடத்துக்குள் பேசியதுபோல் ஆக்கிவிடுகிறார்கள். இரைச்சல் எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் இந்த மூன்றில் எதைச் செய்தாலும் அது குருட்டு வைத்தியம்தான்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது எக்ஸ்எல்ஆர் மைக் (மூன்று பின் கேபிளில் மாட்டுவது), யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), லேப்டாப், ஒரு படுக்கையறை என்ற சாதாரண வீட்டு அமைப்பு. யூஎஸ்பி மைக்கோ செல்போனோ வைத்திருப்பவர்களும் முதல் நான்கு பகுதிகளைப் படித்துவிட்டுக் கடைசிப் பகுதிக்குப் போகலாம்.

தொடங்குமுன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். லேப்டாப்பின் உள்விசிறி ‘விர்ர்’ என்று சுற்றுவது கருவி இரைச்சலா, அறை இரைச்சலா? நம் கணக்கில் அது அறை இரைச்சல். காற்று வழியாக வந்து மைக்கின் முகத்தில் படுவது, மேசை, ஸ்டாண்டு வழியாக அதிர்வாக ஏறுவது எல்லாம் அறை. கம்பி, சர்க்யூட், மின்காந்தம் வழியாக நுழைவது கருவி. எந்தப் பொருள் எழுப்புகிறது என்று பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். எந்தப் பாதையில் வருகிறது என்று பாருங்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

காதை முழுக்க மூடும் ஹெட்போன் வேண்டும். ஸ்பீக்கரில் கேட்டால் அறையின் ஓசை நேராகவே காதில் விழும்; பதிவில் இருப்பது எது, அறையில் இருப்பது எது என்று பிரிக்க முடியாது.

கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருள் போதும். அனலைஸ் மெனுவில் இருக்கும் ‘மெஷர் ஆர்எம்எஸ்’ (பதிவின் சராசரி ஒலி அளவைக் காட்டுவது), ‘பிளாட் ஸ்பெக்ட்ரம்’ (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டுவது) இரண்டும்தான் முக்கியமாகத் தேவைப்படும்.

அடுத்தது, நீங்களே செய்துகொள்ள வேண்டிய ஒரு போலி ப்ளக். ஒரு ஆண் எக்ஸ்எல்ஆர் ப்ளக், 150 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் ஒன்று. ரெசிஸ்டரில் பழுப்பு, பச்சை, பழுப்பு என்று பட்டைகள் இருக்கும். நான்காவது பட்டை பெரும்பாலும் தங்க நிறம். சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடையிலோ கிடைக்கும். ரெசிஸ்டரின் இரு கால்களையும் ப்ளக்கின் 2, 3 பின்களுக்கு நடுவே சால்டர் செய்யுங்கள். 1ஆம் பின்னிலிருந்து ஒரு சிறு கம்பியை ப்ளக்கின் உலோக உறைக்குக் கொடுத்தால் உறை கவசமாகிவிடும். ரெசிஸ்டரின் கால் 1ஆம் பின்னையோ உறையையோ தொடக்கூடாது.

கடைசியாகக் கம்பளி அல்லது கனமான ரஜாய் இரண்டு.

2. மென்பொருளின் தலையீட்டை முதலில் நிறுத்துங்கள்

விண்டோஸின் மைக் அமைப்பில் ‘என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ எல்லாவற்றையும் அணையுங்கள். இன்டர்ஃபேஸோடு வரும் செயலியில் ஆட்டோ கெயின் (ஒலியைப் பெருக்கும் அளவான கெயினைத் தானே மாற்றுவது), நாய்ஸ் சப்ரஷன் (இரைச்சலை அமுக்குவது), கேட் (பேச்சில்லாதபோது ஒலியை அடைத்துவிடுவது) ஏதாவது இருந்தால் அதையும் அணையுங்கள்.

இதை முதலில் செய்யக் காரணம் உண்டு. ஆட்டோ கெயின் ஓடினால், நீங்கள் பேச்சை நிறுத்தியதும் அது கெயினை ஏற்றிக்கொண்டே போகும். அமைதியான இடத்தில் அளக்கும் எண் பொய்யாகிவிடும். கேட் ஓடினால் நேர்மாறு: பேச்சில்லாத இடம் முழு மௌனமாகும், ஆனால் ஒவ்வொரு சொல்லோடும் இரைச்சல் எட்டிப் பார்க்கும். பேச்சில்லாத பகுதியைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது அலைவடிவம் தட்டையான நேர்கோடாக இருந்தால், எங்கோ ஒரு கேட் இன்னும் ஓடுகிறது என்று பொருள். உண்மையான அறை ஒருபோதும் பூஜ்யமாகப் பதிவாகாது.

3. கெயினை ஒருமுறை வைத்துவிட்டு, கை எடுத்துவிடுங்கள்

வாய்க்கும் மைக்குக்கும் 15 முதல் 20 சென்டிமீட்டர். வழக்கமாகப் பேசும் குரலில் உச்சம் −12 முதல் −6 டெசிபலுக்குள் வரும்படி கெயினைத் திருப்புங்கள் (பதிவில் 0தான் உச்ச வரம்பு; அதற்குக் கீழே போகப் போக ஒலி சிறிது). 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். திருகு நின்ற இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.

இனி வரும் எண்களெல்லாம் இந்த ஒரு கெயினில் எடுத்தால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். ஒரு பதிவில் திருகைச் சற்று ஏற்றி, இன்னொன்றில் இறக்கி எடுத்துவிட்டு ‘முன்னைக்கு இப்போது இரைச்சல் குறைவு’ என்று மகிழ்வது புதிதாக வருபவர்கள் அதிகம் செய்யும் பிழை.

4. அறையை அப்படியே 60 விநாடி பதியுங்கள்

நீங்கள் பதிவு செய்யும் நேரத்தில் என்னென்ன ஓடுமோ அவை எல்லாம் ஓடட்டும். அசையாமல், மூச்சைக்கூட மைக்கிலிருந்து திருப்பி, ஒரு நிமிடம் பதியுங்கள். கோப்புக்கு ‘அ வழக்கம்’ என்று பெயர் வையுங்கள். இதுதான் அடிப்படைப் பதிவு.

அளக்குமுன் இரண்டு வேலைகள். மலிவான சவுண்ட் கார்டுகளில் அலைவடிவம் நடுக்கோட்டிலிருந்து சற்று மேலோ கீழோ நகர்ந்து நிற்கும்; ஆர்எம்எஸ் எண்ணை அதுவே ஏற்றிவிடும். ‘நார்மலைஸ்’ கட்டளையில் டிசி ஆஃப்செட்டை, அதாவது அந்த நகர்வை, நீக்கும் பெட்டியை மட்டும் டிக் செய்து, உச்ச அளவை மாற்றும் பெட்டியில் டிக்கை எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

அடுத்து, ஆர்எம்எஸ்ஸை இருமுறை எடுங்கள்: அப்படியே ஒருமுறை, 80 ஹெர்ட்ஸ் ஹை பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழுள்ள அடி ஒலியைக் குறைப்பது) போட்டு ஒருமுறை. முதல் எண் −48, இரண்டாவது −63 என்று வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. தெருவில் போகும் லாரியின் அடிநாதமும் தரை அதிர்வும்தான் முதல் எண்ணை ஏற்றியிருக்கின்றன. காதுக்கு அவை அதிகம் எட்டாது. இனி ஒப்பிடும்போது ஃபில்டர் போட்ட எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த எண் நல்லது என்று கேட்பவர்களுக்கு: ஆடிபிளுக்கு ஒலிநூல் ஏற்றும் ஏசிஎக்ஸ் தளம், குரலின் ஆர்எம்எஸ் −23க்கும் −18க்கும் இடையில் இருக்கையில், இரைச்சல் −60 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. வீட்டுப் பதிவுக்கு அது நியாயமான இலக்கு.

5. மைக்கைக் கழற்றிவிட்டுப் போலி ப்ளக்கைச் செருகுங்கள்

எல்லாச் சோதனைகளிலும் முக்கியமானது இது. பலர் மைக்கைக் கழற்றிவிட்டு, ஓட்டையை வெறுமனே விட்டுப் பதிந்து, ‘மைக்கே இல்லை, அப்போதும் இரைகிறது; ஆகவே இன்டர்ஃபேஸ் சரியில்லை’ என்று முடிவுகட்டுகிறார்கள். அது தப்பு. இன்டர்ஃபேஸுக்குள் மைக் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப், தன் முன்னால் ஒரு மைக்கின் சிறிய மின்தடை இருக்கும் என்று எண்ணி வடிவமைக்கப்பட்டது. வாய் திறந்து கிடக்கும் இன்புட்டில் இரைச்சல் இயல்பாகவே கூடும். சுற்றியுள்ள மின்காந்த ஹம்மையும் (மின்சாரத்தின் தாழ்ந்த உறுமல்) அது இழுத்துக்கொள்ளும். 150 ஓம் ரெசிஸ்டர் ‘இங்கே மைக் இருக்கிறது, ஆனால் அதற்குக் காது கேட்காது’ என்ற நிலையை உண்டாக்குகிறது. காது கேட்காத மைக்கின் பதிவில் ஏதாவது இருந்தால் அது காற்று வழியாக வந்திருக்கவே முடியாது.

அ. 48 வோல்ட் ஃபான்டம் பவரை (சில மைக்குகளுக்குக் கேபிள் வழியாகவே போகும் மின்சாரம்) அணைத்து, அரை நிமிடம் பொறுத்து, ப்ளக்கை நேராக இன்டர்ஃபேஸில் செருகுங்கள். உங்கள் மைக்குக்கு ஃபான்டம் தேவை என்றால் செருகிய பின் மறுபடி போடுங்கள். 2, 3 பின்கள் இரண்டிலும் ஒரே அளவு வோல்டேஜ் வருவதால் ரெசிஸ்டருக்கு ஒன்றும் ஆகாது. 60 விநாடி பதிந்து ‘ஆ போலி’ என்று சேமியுங்கள்.

ஆ. அதே ப்ளக்கை இப்போது மைக் கேபிளின் மறுமுனையில், மைக் இருந்த இடத்தில் செருகிப் பதியுங்கள். முதல் எண்ணைவிட இது கூடினால் கேபிள்தான் குற்றவாளி. ஷீல்டு (கம்பியைச் சுற்றிய உலோகக் கவசம்) அறுந்திருக்கும், அல்லது கேபிள் சார்ஜர் கட்டியோடு உரசிக்கொண்டு ஓடும். மின்கம்பியைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால் குறுக்கே செங்குத்தாகத் தாண்டுங்கள். பக்கத்தில் இணையாக ஓடவிடாதீர்கள்.

ஹெட்போனில் நேரடியாகக் கேட்கும் ‘ஸ்ஸ்’ஸை நம்ப வேண்டாம். ஹெட்போன் ஆம்புக்கே ஒரு ஹிஸ் உண்டு, அது கோப்பில் பதிவாகாது. எப்போதும் கோப்பை அளந்து முடிவு செய்யுங்கள்.

6. இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள்

இரைச்சல்கள் நேராகக் கூடுவதில்லை. சம அளவுள்ள, தொடர்பில்லாத இரண்டு சேர்ந்தால் 3 டெசிபல்தான் ஏறும். ஒன்று மற்றதைவிட 10 டெசிபல் சிறியது என்றால் மொத்தத்தில் அரை டெசிபல்கூட மாறாது. அதனால் ‘அ வழக்கம்’, ‘ஆ போலி’ என்ற இரு கோப்புகளுக்கும் உள்ள வித்தியாசமே தீர்ப்பு:

10 டெசிபலோ அதற்கு மேலோ: கருவியை மறந்துவிடுங்கள். காதில் விழுவது ஏறக்குறைய முழுக்க அறை (மைக்கின் சொந்த ஹிஸ்ஸும் இதில் அடக்கம்; அது 10ஆம் பகுதியில்).

3 டெசிபல்: பாதிக்குப் பாதி. ஒரு பக்கத்தை மட்டும் முற்றிலும் ஒழித்தாலும் 3 டெசிபலுக்கு மேல் லாபம் கிடைக்காது.

1 டெசிபலும் இல்லை: பெரும்பகுதி கருவி. அறையின் பங்கு மொத்தத்தைவிட 7 டெசிபல் கீழே எங்கோ கிடக்கிறது. இந்த நிலையில் சுவருக்கு ஃபோம் ஒட்டுவது வீண் செலவு.

எடுத்துக்காட்டாக ‘அ’ −58, ‘ஆ’ −74 என்றால் 16 டெசிபல் இடைவெளி. இன்டர்ஃபேஸை மாற்றி −80 ஆக்கினாலும் காதுக்கு ஒரு மாற்றமும் தெரியாது.

7. கருவி என்று தெரிந்தால்: கெயினுக்கு முன்னா, பின்னா?

போலி ப்ளக் கேபிள் முனையிலேயே இருக்கட்டும். கெயினை 10 டெசிபல் ஏற்றுங்கள். திருகில் எண் குறிப்பிடாத இன்டர்ஃபேஸ்களில் முதலில் மைக்கை மாட்டி, செல்போனில் 1000 ஹெர்ட்ஸ் நாதம் ஒன்றை அசையாமல் வைத்து ஒலிக்கவிட்டு, பதிவில் அது 10 டெசிபல் ஏறும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரைச்சலும் 10 ஏறினால் அது கெயினுக்கு முன்னால் பிறக்கிறது: ப்ரீஆம்பின் முதல் கட்டம் அல்லது கேபிள். சற்றும் ஏறவில்லை என்றால் பின்னால், அதாவது டிஜிட்டலாக மாற்றும் பகுதியிலோ யூஎஸ்பி மின்சாரத்திலோ பிறக்கிறது. பின்னால் பிறப்பதற்கு மருந்து எளிது: கெயினை ஏற்றிப் பதியுங்கள். மிகத் தாழ்வாகப் பதிந்துவிட்டு மென்பொருளில் 20 டெசிபல் தூக்குபவர்கள் இந்தப் பின்கட்ட இரைச்சலைத்தான் தூக்குகிறார்கள்.

முன்னால் பிறந்தால், மைக்கும் ப்ரீஆம்பும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் (உள்ளே கம்பிச் சுருள் கொண்டது) ஒரு பாஸ்கல் ஒலி அழுத்தத்துக்கு 1.85 மில்லிவோல்ட்தான் தரும். உள்ளீட்டு இரைச்சல் −128 டிபியு (மின் சிக்னலின் அளவைச் சொல்லும் அலகு; கீழே போகப் போக நல்லது) உள்ள ப்ரீஆம்போடு அதைச் சேர்த்தால், இரைச்சல் அறையில் 18 டெசிபல் ஒலி இருப்பதற்குச் சமம். அமைதியான இரவு அறைக்கும் கீழே. அதே மைக்கை −110 டிபியு உள்ள பழைய மிக்ஸரில் மாட்டினால் 36 டெசிபல். அறை எவ்வளவு அமைதியானாலும் ஹிஸ் போகாது.

8. மெயினை அணைத்துப் பாருங்கள்

லேப்டாப்பை முழுச் சார்ஜ் ஏற்றி, சார்ஜரைச் சுவரிலிருந்தும் லேப்டாப்பிலிருந்தும் பிடுங்கிவிடுங்கள். வைஃபை ரவுட்டர், செல்போன் எல்லாம் அணைந்திருக்கட்டும். டிபி பெட்டியில் மெயினை இறக்குங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் மெயினை இறக்கினால் மட்டும் போதாது. அந்த நொடியே இன்வெர்ட்டர் எழுந்துவிடும், சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் முன்னைவிட மோசமாக உறுமும். அதையும் அணையுங்கள். கரன்ட் கட் வரும் நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டால் அக்கம்பக்க வீடுகளின் மோட்டாரும் ஏசியும்கூட நின்றிருக்கும்.

இப்போது மைக்கோடு ஒன்று, போலி ப்ளக்கோடு ஒன்று என இரண்டு பதிவு. இதுதான் உங்கள் அமைப்பு எட்டக்கூடிய மிகக் குறைந்த நிலை.

பிறகு எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு மெயினை ஏற்றி, கருவிகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி. வரிசை முக்கியம். முதலில் லேப்டாப் சார்ஜர். அது ஏறக்குறைய ஓசையே எழுப்பாத பொருள், ஆகவே அதனால் ஏறுவது மின்வழி இரைச்சல். அடுத்து ட்யூப்லைட், பிறகு ஃபேன், கடைசியில் ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜின் கம்ப்ரெசர் தன் இஷ்டத்துக்கு ஓடி நிற்கும். அதை முதலில் போட்டால் மற்ற எல்லா அளவையும் கெடுத்துவிடும்.

ஃபேனுக்கு இரண்டு முகம். இறக்கை வீசும் காற்றோசை ஒன்று. சிலவகை எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள் மின்னலையை நறுக்குவதால் கம்பியில் பரவும் ‘பஸ்’ இன்னொன்று. பிரித்துப் பார்க்க, போலி ப்ளக்கை மாட்டி, ரெகுலேட்டரை நடுவில் வைத்துப் பதியுங்கள். அதில் பஸ் கேட்டால் மின்வழி. முழு வேகத்தில் அது குறைந்து நடுவேகத்தில் கூடினால் சந்தேகமே வேண்டாம், ரெகுலேட்டர்தான்.

சார்ஜர் மாட்டினால் மட்டும் ஹம் வருகிறதென்றால் லேப்டாப், ஸ்பீக்கர், இன்டர்ஃபேஸ் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் போட்டுப் பாருங்கள். இல்லையெனில் பதியும் நேரத்தில் பேட்டரியில் ஓட்டுங்கள். ஹம் போகும் என்று மூன்று பின் ப்ளக்கின் எர்த் பின்னை உடைக்கச் சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். உயிருக்கு ஆபத்து.

9. ஸ்பெக்ட்ரத்தில் கோடுகளைப் படியுங்கள்

பிளாட் ஸ்பெக்ட்ரத்தில் ஹான் விண்டோ, அளவு 65536. 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு படி 0.73 ஹெர்ட்ஸ் ஆகும். அடுத்தடுத்த கோடுகளைப் பிரிக்க அது தேவை. இந்தப் படத்தின் அடித்தளம் −110 காட்டினால் அதை இரைச்சல் அளவு என்று எழுதிவைக்காதீர்கள். விண்டோ அளவை இரட்டிப்பாக்கினால் பரவலான இரைச்சலின் தளம் 3 டெசிபல் இறங்கும், ஒற்றைக் கோடுகள் அப்படியே நிற்கும். அளவுக்கு ஆர்எம்எஸ், அடையாளத்துக்கு ஸ்பெக்ட்ரம்.

50 ஹெர்ட்ஸில் ஓங்கிய கோடு, கூடவே 150, 250: மின்வழி அல்லது காந்தவழி ஹம். இந்தியாவிலும் இலங்கையிலும் 50; கனடா, அமெரிக்காவில் இருப்பவர்கள் 60, 180, 300 என்று படித்துக்கொள்ளுங்கள்.

100 ஹெர்ட்ஸ் மட்டும் ஓங்கி, 50 இல்லை: இங்கே அவசரப்பட வேண்டாம். ட்யூப்லைட் சோக், டிரான்ஸ்ஃபார்மர், ஃபேன் மோட்டார் எல்லாம் மின் அதிர்வெண்ணின் இருமடங்கில்தான் காற்றில் உறுமும். பவர் சப்ளை கோளாறும் இதே 100இல் வரும். போலி ப்ளக்கிலும் அது தெரிந்தால் கருவி, மறைந்தால் பெரும்பாலும் அறை.

1000, 2000, 3000 என்று சீராக, அல்லது 8000இல் ஒரு ஊசி: யூஎஸ்பியின் துடிப்பு. வேறு போர்ட், குட்டையான கேபிள், தனி மின்சாரம் உள்ள ஹப் என்ற வரிசையில் முயலுங்கள்.

கோடே இல்லை, 20 கிலோஹெர்ட்ஸ் வரை சமதளம்: ப்ரீஆம்ப் அல்லது மைக்கின் ஹிஸ். 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே மேடாகி, மேலே போகப் போகச் சரிந்தால் அறை.

4000 முதல் 8000 ஹெர்ட்ஸுக்குள் இரவில் மட்டும் ஒரு மெல்லிய கோடு வந்தால் இன்டர்ஃபேஸைக் கழற்றுமுன் ஜன்னலைச் சாத்துங்கள். சில்வண்டாக இருக்கும். ட்ராக்கை ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றினால் அதன் கோடு பெரும்பாலும் புள்ளி புள்ளியாக விட்டு விட்டுத் தெரியும். மின்வழி ஊளை இழுத்துவிட்ட நூலாக ஓடும்.

மைக்கைச் சுழற்றினால் மாறுவதெல்லாம் அறை என்பதும் முழு உண்மை இல்லை. டைனமிக் மைக்கின் சுருள் பக்கத்திலிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தையும் பிடிக்கும். திருப்பினால் அந்த ஹம்மும் கூடிக் குறையும்.

10. எஞ்சுவது மைக்கின் சொந்த ஹிஸ்ஸா?

மைக்கை இரண்டு ரஜாயில் சுற்றிப் பீரோவுக்குள் வைத்து, மெயினை அணைத்துப் பதியுங்கள். 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள பகுதியை மட்டும் ‘அ வழக்கம்’ பதிவோடு ஒப்பிடுங்கள். அங்கே குறைந்திருந்தால் அறை. குறையவே இல்லை, போலி ப்ளக்கிலும் அந்த ஹிஸ் இல்லை என்றால் மைக்.

அடி அதிர்வெண்ணை இந்தச் சோதனையில் பார்க்கக் கூடாது. ரஜாய் 100 ஹெர்ட்ஸை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். ‘பொதிந்து வைத்தும் உறுமல் போகவில்லை, அப்படியானால் மைக்தான்’ என்று சொல்லி நல்ல மைக்கை விற்றவர்கள் உண்டு.

கன்டென்சர் மைக்கின் விவரத்தாளில் சொந்த இரைச்சல் எழுதியிருக்கும். ரோட் என்டி1இல் அது 4.5 டெசிபல். மலிவான எலெக்ட்ரெட் மைக்குகளில் 20ஐத் தாண்டும். கடற்கரை ஊர்களில் ஈரப்பதம் கேப்ஸ்யூலில் (மைக்குக்குள் ஒலியைப் பிடிக்கும் பகுதி) படிந்து ‘பொட், பொட்’ என்று வெடிக்கும். அது கருவிக் கோளாறு. மைக்கைச் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்து உலரவிட்டு மறுபடி சோதியுங்கள்.

ஸ்டாண்டு வழியாக ஏறும் அதிர்வையும் இங்கேயே பார்த்துவிடலாம். மைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுத்து மடித்த போர்வை மேல் வையுங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே சட்டென்று இறங்கினால் மேசைதான் காரணம். ஸ்டாண்டைத் தரைக்கு மாற்றுங்கள் அல்லது ஷாக் மவுன்ட் வாங்குங்கள்.

11. யூஎஸ்பி மைக், செல்போன், காலர் மைக்

யூஎஸ்பி மைக்கில் போலி ப்ளக் செருக வழியில்லை. மியூட் பட்டனை அழுத்திப் பார்ப்பதும் பயன்படாது. பல மைக்குகளில் அது டிஜிட்டல் பூஜ்யத்தை அனுப்புகிறது, அதிலிருந்து ஒன்றும் தெரியாது. 8, 9, 10 மூன்றையும் சேர்த்துச் செய்யுங்கள்: பேட்டரியில் ஓடும் லேப்டாப், அணைந்த மெயின், பொதிந்த மைக். அதன் பின்னும் மிஞ்சும் ஹிஸ், ஊசிக்கோடுகள் கருவியினுடையவை.

செல்போனில் சோதிக்கையில் ஏரோப்ளேன் மோடு போடுங்கள். 2ஜி சிக்னல் பிடித்தால் 217 ஹெர்ட்ஸில் ‘டட் டட் டட்’ என்று ஒரு தாளம் காலர் மைக் கம்பியில் ஏறும். சார்ஜர் மாட்டியபடி பதியாதீர்கள். வாய்ஸ் ரெகார்டர் செயலிகளில் பல தாமாகவே இரைச்சலை அமுக்கும். மூலப்பதிவை அப்படியே வேவ் கோப்பாகத் தரும் செயலியைத் தேடிப் போட்டுக்கொண்ட பிறகே 4ஆம் பகுதியைத் தொடங்குங்கள்.